டிசிஎஸ் பங்கு: இந்த விலை கேட்கும் வளர்ச்சி எங்கிருந்து வரும்?

மயிலை_கணக்கு · 2025 நவம்பர், சனி, காலை 7:40

அப்பாவுக்கு 74 வயது. 2004 ஆகஸ்டில் டிசிஎஸ் பங்கு வெளியீடு வந்தபோது விண்ணப்பம் போட்டார், 20 பங்கு கிடைத்தது. பங்கு 850 ரூபாய், ஆக மொத்தம் 17,000. அப்புறம் 2006, 2009, 2018 என மூன்று முறை ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்து இப்போது டீமேட்டில் 160 பங்கு இருக்கிறது. ஒன்றைக்கூட விற்றதில்லை. 2024-25க்கான டிவிடெண்ட், 66 ரூபாய் சிறப்பு டிவிடெண்டையும் சேர்த்து, பங்குக்கு 126 ரூபாய். 160 பங்குக்கு 20,160. அன்றைக்குப் போட்ட முழு முதலையும்விட ஒரு வருட டிவிடெண்ட் அதிகம். பாஸ்புக்கில் அந்த வரிகளின் மேல் விரலை வைத்துக் காட்டி, "இதை விற்கச் சொல்கிறாயா?" என்றார்.

நான் விற்கச் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் 4,592 வரை போன பங்கு இப்போது 3,000-ஐ ஒட்டி நிற்கிறது. அவருடைய சேமிப்பில் பாதிக்கு மேல் இந்த ஒரே கம்பெனியில் இருக்கிறது. அதனால் ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை, அதனால் கணக்கு போடாமல் எனக்குத் தூக்கம் வராது.

தயவுசெய்து "நல்ல கம்பெனி, வைத்திரு" என்று மட்டும் எழுதாதீர்கள். நல்ல கம்பெனி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வி வேறு: இந்த விலையில் எவ்வளவு வளர்ச்சியை ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள்? அது நடக்கக்கூடியதா?

என் கணக்கு இது. 2024-25இல் பங்குக்கு லாபம் 134 ரூபாய். டிவிடெண்டாகவோ பைபேக்காகவோ (தன் பங்கைத் தானே திரும்ப வாங்குவது) இந்தக் கம்பெனி லாபத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 90 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 120 ரூபாய் கையில் வரும். 3,000 ரூபாய் பங்குக்கு அது 4 சதவீதம். பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிறவர் வருடம் 12 சதவீதமாவது எதிர்பார்ப்பார். அப்படியானால் மீதி 8 சதவீதம் வளர்ச்சியில் இருந்து வர வேண்டும், அதுவும் ஐந்து பத்து வருடம் அல்ல, நிற்காமல்.

கடந்த காலத்தைப் பார்த்தேன். 2014-15இல் வருவாய் 94,648 கோடி. 2024-25இல் 2,55,324 கோடி. கூட்டு வளர்ச்சி வருடம் 10.4 சதவீதம். 8 தேவைப்படும் இடத்தில் 10 வந்திருக்கிறது என்றால் இந்த விலை மலிவு என்றுதான் தோன்றுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

---

இளங்கோ_தஞ்சை · சனி, காலை 8:15

அண்ணா, நான் 2024 ஆகஸ்டில் 4,400இல் 40 பங்கு வாங்கினேன். வேலையில் சேர்ந்து முதல் போனஸ் பணம். எஃப்.டி. மாதிரி பாதுகாப்பு என்றார்கள். இன்றைக்கு அதில் 55,000 ரூபாய்க்கு மேல் இறங்கியிருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எனக்குப் புரியாத இடம் ஒன்று. 2023-24இல் லாபம் 45,908 கோடி. அடுத்த வருடம் 48,553 கோடி. லாபம் ஏறத்தான் ஏறியிருக்கிறது, பங்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. கம்பெனியில் எதுவும் உடையவில்லையே?

---

திருப்பூர்_நூல் · சனி, காலை 9:02

தம்பி, வீட்டில் சொல்லிவிடுங்க. முதல் நஷ்டத்தை மறைத்தால் அடுத்ததையும் மறைக்கத் தோன்றும்.

எங்கள் ஊரில் ஓடுகிற யூனிட்டை விலை பேசும்போது மெஷின், ஷெட், பையர் எல்லாம் பார்த்துவிட்டு கடைசியில் ஒன்றுதான் கேட்போம்: எத்தனை வருட லாபத்தில் போட்ட பணம் திரும்பும்? 4,592 ரூபாயை 2023-24இல் பங்குக்கு வந்த 126 ரூபாய் லாபத்தால் வகுத்துப் பாருங்க. 36 வருடம். 3,000-ஐ 134-ஆல் வகுத்தால் 22. 2017 வாக்கில் இதே கம்பெனி 18 மடங்கில் கிடைத்தது. அதாவது கம்பெனியில் எதுவும் உடையவில்லை. 36 வருடம் காத்திருக்கத் தயாராக இருந்தவர்கள், இப்போது 22 வருடத்துக்கு மேல் முடியாது என்கிறார்கள்.

மயிலை சார், உங்கள் 10.4 சதவீதத்தில்தான் ஓட்டை இருக்கிறது. நான் ஏற்றுமதி செய்கிறவன், அதனால் முதலில் டாலரில்தான் பார்ப்பேன். 2014-15இல் அவர்களுடைய வருவாய் 1,545 கோடி டாலர். 2024-25இல் 3,018 கோடி டாலர். பத்து வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூட்டு வளர்ச்சி 6.9 சதவீதம்தான். மீதி மூன்றரைப் புள்ளி எங்கிருந்து வந்தது? அன்றைக்கு டாலர் 61 ரூபாய், 2024-25இல் சராசரி 84 ரூபாய்க்கு மேல். ரூபாய் இறங்கியதுதான் அந்த மூன்றரை.

அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் அப்பா செலவு செய்வது ரூபாயில்தான். ஆனால் அது கம்பெனியின் திறமையால் வந்த வளர்ச்சி இல்லை. டாலர் ஏறிய வருடம் எங்கள் புத்தகத்திலும் லாபம் பளபளக்கும். அடுத்த ஆர்டர் பேச வரும்போது பையர் அந்த ரேட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்காருவான். டஜனுக்கு இவ்வளவு குறை என்பான். இங்கே கூலியும் ஏறியிருக்கும். இரண்டு சீசனில் அந்தப் பளபளப்பு போய்விடும்.

---

மயிலை_கணக்கு · சனி, காலை 9:50

நூல் சார், இதை நான் பார்த்திருக்க வேண்டும். நன்றி.

நீங்கள் சொன்னபிறகு வருடவாரியாக எடுத்தேன். நாணய மாற்றத்தை நீக்கிய வளர்ச்சி 2021-22இல் 15.4, 2022-23இல் 13.7. அப்புறம் 2023-24இல் 3.4, 2024-25இல் 4.2. கடைசி இரண்டு வருடமும் பழைய கம்பெனியின் எண்கள் மாதிரியே இல்லை. அந்த 4.2இலும் பிஎஸ்என்எல் 4ஜி பணியின் பங்கு கணிசம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களை மட்டும் எடுத்தால் இன்னும் குறைவு.

ரூபாயில் 2024-25 வருவாய் வளர்ச்சி 6 சதவீதம், லாப வளர்ச்சி 5.8. விலை கேட்பது 8. காலையில் "மலிவு" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

---

ஓஎம்ஆர்_19வருடம் · சனி, மதியம் 12:20

இந்தத் துறையில் 19 வருடம். நான் வேலை பார்ப்பது வேறு கம்பெனி, பெயர் வேண்டாம். எல்லாச் சேவைக் கம்பெனிகளுக்கும் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் வருவாய் ஒரே ஒரு பெருக்கல்: தலை எண்ணிக்கை × ஒரு தலைக்கு வரும் பணம். ஒப்பந்தம் எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளே திறந்தால் ஒரு எக்ஸெல் தாள்தான் இருக்கும். வேலை பார்க்கும் இடம் அங்கேயா இங்கேயா, எத்தனை வருட அனுபவம், மணிக்கு எத்தனை டாலர், எத்தனை பேர்.

நூல் அண்ணன் கொடுத்த டாலர் எண்களை எடுத்து வகுத்துப் பார்த்தேன். 2015 மார்ச்சில் டிசிஎஸ் ஊழியர்கள் கிட்டத்தட்ட 3.2 லட்சம். 1,545 கோடி டாலரை வகுத்தால் தலைக்கு 48,000 டாலர். 2025 மார்ச்சில் 6.08 லட்சம் பேர். 3,018 கோடியை வகுத்தால் தலைக்கு 50,000 டாலருக்குச் சற்றுக் குறைவு.

இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்து வருடம். கிளவுட் வந்தது, டிஜிட்டல் வந்தது, எத்தனையோ பெயர்களில் எத்தனையோ பயிற்சி எடுத்தோம், இரவெல்லாம் விழித்தோம். ஒரு தலைக்கு வரும் டாலர் நகரவே இல்லை. இதே பத்து வருடத்தில் அமெரிக்க விலைவாசி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. உண்மை மதிப்பில் பார்த்தால் குறைந்திருக்கிறது.

ஆக டாலர் வருவாய் இரண்டு மடங்கானது ஆள் இரண்டு மடங்கானதால் மட்டுமே. மீதி ரூபாய் இறங்கியது. பத்து வருடத்து 10.4 சதவீதத்துக்கு வேறு மூலமே இல்லை.

அடுத்து இதைப் பாருங்கள். 2023 மார்ச்சில் 6,14,795 பேர். 2025 மார்ச்சில் 6,07,979. ஜூலையில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். செப்டம்பர் காலாண்டில் மட்டும் 19,755 பேர் குறைந்து 5,93,314.

இத்தனை வருடம் ஓடிய எஞ்சின் ஆள் சேர்ப்பு. அந்த எஞ்சின் நின்று, இப்போது பின்னால் நகர்கிறது. மயிலை சார் கேட்கும் அந்த 8 சதவீதம், இதுவரை ஒருமுறையும் வராத வழியில் வந்தாக வேண்டும். சென்ற பத்து வருடத்து வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்து அப்படியே நீட்டிக் கோடு போடுகிறவர்கள் இதைத்தான் பார்ப்பதில்லை.

---

இளங்கோ_தஞ்சை · சனி, மதியம் 12:55

ஆனால் அண்ணா, ஏ.ஐ. வந்தபிறகு பத்துப் பேர் செய்ததை ஆறு பேர் செய்வார்கள், அப்போது தலைக்கு வரும் பணம் ஏறும் இல்லையா? உங்கள் பெருக்கலில் ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறும். ஆள் குறைவது கெட்ட செய்தி என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

---

ஓஎம்ஆர்_19வருடம் · சனி, மதியம் 1:30

சரியான கேள்வி தம்பி. அந்த மிச்சம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

சமீபத்தில் ஒரு ஒப்பந்தப் புதுப்பித்தல் பேச்சில் உட்கார்ந்திருந்தேன். எட்டு வருடமாக நாங்கள் பார்க்கும் வேலை, 46 பேர். வாடிக்கையாளர் பக்கத்துப் பெண்மணி எங்கள் தாளைத் திரையில் போட்டு, 46 என்று இருந்த கட்டத்தைக் கிளிக் செய்து, 33 என்று அடித்தார். தலைக்கு வரும் ரேட்டைத் தொடவே இல்லை. "கருவிகள் வந்துவிட்டன, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் 36க்குக் கொண்டுவந்தோம், அதையே வெற்றி என்று மேலிடத்துக்கு எழுதினோம். மிச்சமான பத்துத் தலையின் பணம் அவர்களிடமே போய்விட்டது.

ஒப்பந்தம் "வேலைக்கு இவ்வளவு" என்று இருந்தால் மிச்சம் நமக்கு. "ஆளுக்கு இவ்வளவு" என்று இருந்தால் அவர்களுக்கு. முதல் வகைக்கு மாற எல்லாக் கம்பெனியும் முயல்கிறது. அப்படி மாறினாலும் அடுத்த புதுப்பித்தலில் போட்டிக் கம்பெனி விலையைக் குறைத்துக்கொண்டு வரும். இதில் பெரிய வாடிக்கையாளர்கள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் சொந்த மையங்களையே திறந்துவிட்டார்கள். என் பழைய குழுவில் மூன்று பேர் இப்போது எங்கள் வாடிக்கையாளரின் ஊழியர்கள், அதே ஓஎம்ஆரில், எதிர்ச்சாரியில் இருக்கும் கட்டடத்தில்.

தலைக்கு வரும் பணம் ஏறவே ஏறாது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஏறும் என்று நம்பிப் பணம் போடுகிறவர், பத்து வருடமாக நகராத எண் இது என்று தெரிந்து போடட்டும்.

---

எடிசன்_வேலு · சனி, மாலை 6:10 (நியூஜெர்சியில் காலை)

மைக்ரோசாஃப்டை 1999 டிசம்பரில் வாங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன். பங்குப் பிளவுகளை (ஒரு பங்கை இரண்டாகப் பிரிப்பது) சரிசெய்தால் 60 டாலரை ஒட்டிய விலை. லாபத்தைப் போல 70 மடங்கு. அப்போது எனக்கு 31 வயது.

2000 ஜூனில் முடிந்த ஆண்டில் அவர்கள் வருவாய் 2,300 கோடி டாலர், லாபம் 940 கோடி. 2016 ஜூனில் முடிந்த ஆண்டில் வருவாய் 8,500 கோடிக்கு மேல், லாபம் 1,680 கோடி. பங்கு விலை? 1999இல் இருந்த அதே 60 டாலரைத் தாண்டியது 2016 அக்டோபரில். கிட்டத்தட்ட 17 வருடம். அந்தப் பதினேழு வருடத்தில் கம்பெனி ஒரு வருடம்கூட நொண்டியாக இருக்கவில்லை. விண்டோஸ் ஓடியது, ஆஃபீஸ் ஓடியது, பணம் கொட்டியது. வாங்கிய விலைதான் அந்த வளர்ச்சி முழுவதையும் முன்கூட்டியே தின்றுவிட்டது. என் மகள் பிறந்து, பள்ளிக்குப் போய், கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். என் பங்கு அதே விலையில் இருந்தது.

சிஸ்கோ இன்னும் கொடுமை. இணையத்துக்கு அடித்தளம் போட்ட கம்பெனி என்று 2000 மார்ச்சில் சொன்னது முழு உண்மை. உண்மையாக இருந்தும் வாங்கியவர்கள் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2011, 2012 வாக்கில் மைக்ரோசாஃப்ட் 10 மடங்கில் கிடந்தது. "கிழட்டுக் கம்பெனி, கணினி விற்பனை முடிந்தது" என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் நம்பினேன். 2012இல் பாதியை விற்றேன். 2014இல் சத்யா நாதெல்லா தலைமை நிர்வாகியாக வந்து கிளவுடை முன்னால் கொண்டுவந்தபிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 10 மடங்கு விலைக்குள் வளர்ச்சியே எழுதப்படவில்லை. அதனால் கொஞ்சம் வளர்ந்ததற்கே பெரிய பலன் கிடைத்தது.

டிசிஎஸ் இன்றைக்கு 22இல் இருக்கிறது. 70உம் இல்லை, 10உம் இல்லை. அதனால்தான் உங்கள் கேள்வி கடினமாக இருக்கிறது மயிலை சார்.

---

நாகை_பாமா · சனி, இரவு 8:45

வங்கியில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். எல்லோரும் 12 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்த 12 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே.

பத்தாண்டு அரசுப் பத்திரம் இப்போது ஆறரை சதவீதத்தை ஒட்டிக் கொடுக்கிறது. 74 வயதுக்காரருக்கு அதைவிட மூன்றரைப் புள்ளி அதிகம் கிடைத்தால், அதாவது 10 சதவீதம் கிடைத்தால், அது மோசமா? 10 போதும் என்றால் மயிலை தம்பியின் கணக்கில் தேவைப்படும் வளர்ச்சி 8 அல்ல, 6. டாலரில் மூன்று, ரூபாய் இறங்குவது மூன்று. அந்த ஆறு 2024-25இலேயே வந்திருக்கிறது.

இன்னொன்று. கம்பெனியில் 71.77 சதவீதம் டாடா குழுமத்தின் தாய்க் கம்பெனியான டாடா சன்ஸ் கையில். அந்தக் குழுமத்தின் புதிய தொழில்களுக்கெல்லாம் பணம் இங்கிருந்துதான் போக வேண்டும். டிவிடெண்டை அவ்வளவு சுலபமாக நிறுத்திவிடமாட்டார்கள். எஃப்.டி. வட்டி வருடா வருடம் ஏறாது, புதுப்பிக்கும்போது இறங்கக்கூடச் செய்யும். இது மெல்ல ஏறும் பென்ஷன் மாதிரி. நான் வைத்திருக்கிறேன், விற்கப்போவதில்லை.

---

மயிலை_கணக்கு · சனி, இரவு 10:05

பாமா அம்மா, 12 என்பது நான் பழக்கத்தில் போட்டது. உங்கள் வாதம் சரி. இரண்டு எண்களையும் வைத்துத் திரும்பப் போட்டேன். இளங்கோ, காலையில் நீ கேட்டதற்கும் இதில் பதில் இருக்கிறது.

எதிர்பார்க்கும் வருமானத்தில் இருந்து வளர்ச்சியைக் கழி. மிஞ்சுவதால் 120 ரூபாயை வகு. அதுதான் விலை. 12இல் இருந்து 8 போனால் 4. 120-ஐ 0.04ஆல் வகுத்தால் 3,000. இப்போது அந்த 8-ஐ மட்டும் 9.4 ஆக்கு, வேறு எதையும் தொடாதே. மிஞ்சுவது 2.6. விலை 4,600க்கு மேல் போய்விடும். ஒன்றரைப் புள்ளிகூட இல்லை. "இது வருடம் ஒன்பதரை வளரும்" என்று நம்பியவர்கள் "எட்டுதான்" என்று மாறினால் போதும், மூன்றில் ஒரு பங்கு விலை காணாமல் போகும். லாபம் ஒரு ரூபாய்கூடக் குறைய வேண்டியதில்லை. நீ 4,400இல் வாங்கியபோது அந்த ஒன்பதரைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தாய்.

அப்பாவின் கணக்குக்கு வருகிறேன். 10 போதும் என்றால் 3,000 ரூபாய் விலை கேட்பது 6 சதவீத வளர்ச்சி. கடந்த இரண்டு வருடப் போக்கும், ரூபாய் இறங்குவதும் நீடித்தால் அது வரும். 4,592இல் 10 சதவீதம் போதும் என்றிருந்தால்கூட ஏழரை தேவைப்பட்டிருக்கும். ஆகவே அன்றைய விலையை நியாயமான வளர்ச்சி தாங்கவில்லை, இன்றைய விலையைத் தாங்குகிறது, ஆனால் நூலிழையில்.

---

ஓஎம்ஆர்_19வருடம் · சனி, இரவு 10:40

நூலிழை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 3,000 கோடி டாலர் வருவாய் உள்ள கம்பெனி 6 சதவீதம் ரூபாயில் வளர, டாலரில் 3 சதவீதமாவது வேண்டும். அதுவே 90 கோடி டாலர் புதிய வியாபாரம், ஒவ்வொரு வருடமும். பழைய காலத்து 10 சதவீதம் டாலரில் வேண்டும் என்றால் 300 கோடி. பெர்சிஸ்டென்ட் என்ற சின்ன மென்பொருள் கம்பெனியின் 2024-25 மொத்த வருவாயே 141 கோடி டாலர்தான். வருடத்துக்கு இரண்டு பெர்சிஸ்டென்ட்டைப் புதிதாக உருவாக்கி ஒட்டவைக்க வேண்டும். சின்னக் கம்பெனி 18 சதவீதம் வளர்வதைக் காட்டி "டிசிஎஸ் ஏன் வளரவில்லை" என்று கேட்பவர்கள் அளவைப் பார்ப்பதில்லை.

அம்மா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் "மெல்ல ஏறும் பென்ஷன்" என்பதில் எனக்குக் கவலை இருக்கிறது. ஆள் குறையும்போது அந்த 3 சதவீதம் எப்படி வரும் என்று எனக்கு இன்னும் யாரும் காட்டவில்லை.

---

இளங்கோ_தஞ்சை · ஞாயிறு, காலை 7:20

மயிலை அண்ணா, பதில் புரிந்தது. இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நேற்று இரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அக்டோபரில் 1 கிகாவாட் டேட்டா சென்டர் கட்டப்போவதாக அறிவித்தார்களே, அதில் வளர்ச்சி வராதா?

---

திருப்பூர்_நூல் · ஞாயிறு, காலை 8:30

வரலாம் தம்பி. ஆனால் அது வேறு தொழில். அவர்களே சொன்ன மதிப்பீடு ஐந்திலிருந்து ஏழு வருடத்தில் 650 கோடி டாலர் வரை. கடனும் கூட்டாளியும் சேர்ந்து வரும் என்றாலும் அவர்கள் பங்கும் இருக்கும்.

இதுவரை 90 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், இந்தத் தொழிலுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கட்டடம், கணினி, ஆள், அவ்வளவுதான். பங்குதாரர் பணத்தின் மேல் சமீப வருடங்களில் 50 சதவீதத்துக்கு மேல் லாபம் சம்பாதித்தது அதனால்தான். நான் ஒரு மெஷின் வாங்கினால் ஐந்து வருடம் வட்டி கட்டுகிறேன், அவர்களுக்கு அந்தத் தலைவலி இருந்ததில்லை. டேட்டா சென்டர் என்றால் நிலம், மின்சாரம், தண்ணீர், சிப். எங்கள் டையிங் யூனிட் கணக்குக்கு வந்துவிடுவார்கள். வளர்ச்சி கூடும், கையில் வரும் 120 குறையும். இரண்டையும் ஒரே சமயத்தில் கணக்கில் ஏற்றாதீர்கள். 90 சதவீத டிவிடெண்டும் வேண்டும், புது முதலீட்டால் 9 சதவீத வளர்ச்சியும் வேண்டும் என்று போட்டால் அது இரட்டைக் கணக்கு.

பைபேக் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் 4,500 ரூபாய்க்கு 18,000 கோடி, 2023இல் 4,150க்கு 17,000 கோடி. 35,000 கோடிக்குச் சுமார் 8 கோடி பங்கு. இன்றைய 3,000இல் அதே பணத்துக்கு பதினொன்றரைக் கோடி வாங்கியிருக்கலாம். விலை உயரத்தில் இருந்தபோது வாங்கினார்கள். வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல வியாபாரம் இல்லை. இதை நான் கோபமாகவே சொல்கிறேன், அது எல்லோருடைய பணம்.

---

நாகை_பாமா · ஞாயிறு, காலை 9:15

பைபேக்கில் நூல் தம்பி சொல்வது உண்மை. நான் 2022இல் கொடுத்தேன், கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். கொடுக்காதவர்கள்தான் பாவம்.

ஓஎம்ஆர் தம்பி, நீங்கள் கேட்டதை இரவெல்லாம் யோசித்தேன். என்னிடமும் பதில் இல்லை. என் பங்கு என் சேமிப்பில் பத்தில் ஒன்று. அதனால் பதில் இல்லாமலேயே வைத்திருக்க முடிகிறது. மயிலை தம்பியின் அப்பாவுக்குப் பாதிக்கு மேல் என்று முதல் பதிவில் படித்தேன். அது வேறு விஷயம்.

---

மயிலை_கணக்கு · ஞாயிறு, இரவு 9:30

இந்த உரையாடலை அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை படித்தார். தலைக்கு 48,000, 50,000 என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். "பத்து வருடத்தில் சம்பளம் ஏறியதே, அது எதிலிருந்து ஏறியது?" என்று கேட்டார். ரூபாய் இறங்கியதில் பெரும்பாதி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

வரிப் பக்கம் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. இங்கே பழைய பங்கு வைத்திருப்பவர்களுக்கும் உதவும். 160இல் 80 பங்கு 2018 ஜனவரி 31க்கு முன்னால் வந்தவை. அன்றைய விலை 3,100 ரூபாயை ஒட்டி இருந்தது, அதை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. டீமேட்டில் முதலில் வந்ததுதான் முதலில் விற்றதாகக் கணக்கு. ஆக இன்றைக்கு 3,000க்கு இந்த 80க்குள் எத்தனை விற்றாலும் வரி வரும்படியான லாபம் இல்லை. அடுத்த 80, 2018 ஜூன் போனஸில் வந்தவை. அவற்றுக்கு வாங்கிய விலை பூஜ்யம், விற்றால் முழுத் தொகையும் லாபம். வருடத்தில் 1.25 லட்சத்துக்கு மேல் போனால் 12.5 சதவீத வரி. 2018 போனஸுக்கு முந்தைய விலையையும் பிந்தைய விலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், என் அலுவலகத்திலேயே ஒருவர் குழப்பினார். நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை, உங்கள் தணிக்கையாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

80ஐயும் விற்கலாம் என்றேன். அப்பா 60 என்றார். ஏன் 60 என்று கேட்டதற்கு, "100 பங்கு இருக்கட்டும், முழு எண்ணாக" என்றார். நாளை சந்தை திறந்ததும் போடுகிறேன். 1,80,000 வரும், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் போகிறது.

ஜனவரியில் அடுத்த காலாண்டு முடிவு வரும்போது ஓஎம்ஆர் சாரின் அந்த வகுத்தலைத் திரும்பப் போட்டு இங்கேயே எழுதுகிறேன். டாலர் வருவாய், தலை எண்ணிக்கை, இரண்டு மட்டும்.

---

ஓஎம்ஆர்_19வருடம் · ஞாயிறு, இரவு 9:52

போடுங்கள் சார். ஒரு திருத்தம்: வருடக் கடைசி எண்ணிக்கைக்குப் பதில் தொடக்கத்துக்கும் கடைசிக்கும் சராசரி எடுத்துப் போடுங்கள். ஆள் வேகமாகக் குறையும் வருடத்தில் கடைசி எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு வரும் பணம் ஏறியது மாதிரி பொய்யாகத் தெரியும்.